காசிநாதனின் முதுகு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊழியக்காரர்கள், கர்த்தர் கூப்பிட்டார் என்று ஆளுக்கொரு அழைப்புக் கதை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கனவில் வெளிச்சம் வந்தது. இன்னொருவருக்கு லாரி இடித்து விழுந்து கிடந்த இடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அன்பரசிக்கு அழைப்பு மூக்கு வழியாக வந்தது. மேடையில் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் அவளுக்கு வந்ததைவிட நிஜமான அழைப்பு யாருக்கும் வரவில்லை.

ஆலந்தாங்கல் என்பது திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில் பாதியில் இறங்கி, ஏரிக்கரையோடு உள்ளே நடக்க வேண்டிய ஊர். முதலில் ஊர்த் தெரு, அப்புறம் வயல், அப்புறம்தான் காலனி. அன்பரசி காலனிக்காரி, நாற்பத்தெட்டு வயது. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் மூன்று மணிக்குச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காலில் கம்பெனி ஷூவோடு ஊர்த் தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போவாள். அவள் மாமியார் அதே தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள், காசிநாதன் வீட்டு ஜன்னலைக் கடக்கும்போது அந்த வாடை அடித்தது. மல வாடையோ மூத்திர வாடையோ இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகில் புண் விழுந்து, அது உள்ளுக்குள்ளே பழுக்கும்போது வருகிற, லேசான தித்திப்பு கலந்த வாடை. தெரியாதவர்கள் எங்கேயோ எலி செத்துவிட்டது என்று நினைப்பார்கள். அன்பரசிக்குத் தெரியும். அந்த வாடையோடு அவள் பதினோரு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

அவள் புருஷன் பெஞ்சமின் சென்ட்ரிங் வேலைக்காரன். கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போனான். ஆறு வருஷம் நாலு மாதம் அப்படியே கிடந்தான். அப்போது ஊழியக்காரர்கள் பலர் வந்தார்கள். தலையில் கை வைத்து, எழும்பி நட என்று சத்தம் போட்டார்கள். அவன் எழும்பாமல் போனதும், வீட்டுக்காரிக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜோயல் மட்டும் வேறு மாதிரி. அவர் பெயிண்ட் அடிக்கிறவர். குடித்துக் குடித்து வேலை போய், பெண்டாட்டியும் தாய் வீட்டுக்குப் போய், பஸ் நிறுத்தத்தில் விழுந்து கிடந்து எழுந்த மனுஷன். இன்றைக்கும் ஆறு நாள் பெயிண்ட், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். அவர் முதன்முறை வந்தபோது அன்பரசி பெஞ்சமினைத் திருப்பிப் போட ஒண்டியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜெபம் இருக்கட்டும், காலை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து அவள் அவருடைய சபை. சபை என்றால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, முப்பது முப்பத்தைந்து பேர், ஒரு கீபோர்டு. அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் அவன் முதுகில் விழுந்து பதினோரு மாதம் இருந்த புண்ணை ஆற்றக் கற்றுக்கொடுத்தது செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி நர்சம்மா ஒருத்தி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பு, திருப்பாமல் எந்த மருந்து போட்டாலும் வேலை செய்யாது என்றாள். மடித்த வேட்டியை உடம்புக்கு அடியில் விட்டு, அதைப் பிடித்து ஆளைப் புரட்டும் வித்தையையும் அவள்தான் காட்டினாள். அன்பரசி வேறு எந்த வேதாகமக் கல்லூரிக்கும் போகவில்லை. பெஞ்சமின் கடைசியில் நெஞ்சுச் சளியில் போனான். பெட்டியில் வைக்கும் முன் அவனை ஒருக்களித்து முதுகை ஒரு தடவை பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவன் போன பிறகு கைக்கு வேலையில்லை. மகள் ஜெனிஃபர் செல்போன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விடுவாள். இவள் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சும்மாவாவது எழுந்து நிற்பாள். அப்படி இருந்தவளைத்தான் அந்த ஜன்னல் வாடை பிடித்து நிறுத்தியது. இரண்டு நாள் மூக்கை மூடிக்கொண்டு கடந்தாள். வீட்டுக்குப் போனால் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஷூவைக் கழற்றிவிட்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

காசிநாதன் பெண்சாதி அம்சா வெளியே வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“உள்ள யாருக்கும்மா புண்ணு?”

“புண்ணா? அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு வாதம் அடிச்சிக்கீது, அவ்ளோதான்.”

“முதுவத் திருப்பிப் பாத்தீங்களா?”

அம்சா பார்த்திருக்கவில்லை. அவளுக்கே இடுப்பு வலி. ஆறடி ஆளை அவள் எங்கே திருப்புவது? துடைக்கிற இடத்தைத் துடைத்து, பவுடரைக் கொட்டி, போர்வையைப் போர்த்தி வைத்திருந்தாள். அம்சா தடுக்கும் முன் அன்பரசி உள்ளே போய், மடித்த வேட்டியை விட்டு அவரைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே, ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம்.

காசிநாதன் நாலு ஏக்கர் நிலமும் டிராக்டரும் வைத்திருந்தவர். அவர் வரப்பில் நின்று ஒரு சத்தம் போட்டால் மூன்று கழனி தள்ளி நடவு நடுகிற பெண்கள் நிமிர்வார்கள். அப்படி நிமிர்ந்தவர்களில் அன்பரசியின் மாமியாரும் ஒருத்தி. இப்போது வலது பக்கம் முழுக்க விழுந்து, ‘ஆங்’ என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். அந்த முதுகை, அந்த மாமியாரின் மருமகள் வெந்நீர் வைத்துத் துடைத்தாள். இதைப் பழி தீர்ந்தது என்பவர்களும் உண்டு, மன்னிப்பு என்பவர்களும் உண்டு. அன்பரசியைக் கேட்டால், உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு டிஞ்சரை ஓரத்தில் மட்டும் தொட வேண்டும் என்பாள். அவள் புத்தி அங்கேதான் இருந்தது.

தினம் மூன்றேகால் மணிக்கு வந்துவிடுவாள். சம்பளம் கொடுக்கிறேன் என்றதற்கு, இது ஊழியம், கூலி இல்லை என்றாள். இடைப்பட்ட நேரத்தில் எப்படிச் சாய்த்து வைப்பது, முட்டிகளுக்கு நடுவே தலையணையை எங்கே கொடுப்பது என்று அம்சாவுக்குக் காட்டினாள். திருப்பும்போது மெல்லிய குரலில் ஜெபம் பண்ணுவாள். பெரிய வார்த்தை ஒன்றும் கிடையாது. “ஏசப்பா, தோளு. ஏசப்பா, முதுவு. ஏசப்பா, இடுப்பு.” எந்த இடத்தில் கை வைக்கப் போகிறாளோ அந்த இடத்தைச் சொல்லிக்கொண்டே போவாள். முகம் துடைக்கும்போது நெற்றியில் இருக்கும் திருநீற்றைச் சுற்றித் துடைப்பாள். அது கலைந்துவிட்டால், “அம்மா, துன்னூறு போயிட்ச்சி பாரு, வெச்சுடு,” என்று அம்சாவைக் கூப்பிடுவாள்.

முதல் மூன்று மாதம் அம்சா அவளுக்குப் பேப்பர் கப்பில் டீ கொடுத்தாள். அந்தக் காலத்துத் தனி டம்ளருக்கு இந்தக் காலத்து ஏற்பாடு. ஆடியில் ஒரு நாள் பேப்பர் கப் தீர்ந்துபோயிற்றோ, மனசுதான் மாறிற்றோ, எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அன்பரசி வாங்கிக் குடித்தாள்.

மகன் குமார் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் வைத்து ஓட்டுகிறவன். மருமகள் காயத்ரி செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குமார் கெட்டவன் இல்லை. காற்று அடைக்கும் படுக்கை, டயப்பர், மருந்து என்று எதைக் கேட்டாலும் வாங்கிப் போடுவான். அந்த அறைக்குள் மட்டும் வரமாட்டான். ஒரு தடவை வந்து, வாந்தியை அடக்க முடியாமல் வெளியே ஓடியவன். அதற்கப்புறம் வாசற்படியோடு சரி. அங்கே நின்று, நாஸ்தா ஆச்சா நைனா என்று கேட்டுவிட்டுப் போவான்.

புரட்டாசியில் பள்ளம் மேடாகி, இளஞ்சிவப்புத் தோல் மூடிவிட்டது. அதே வாரத்தில் காசிநாதனின் வலது கைச் சுட்டுவிரல் ஒரு தடவை ஆடியது. அம்சாவும் அன்பரசியும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் செய்ததை எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பேர் சொல்ல வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கதை என்று நினைப்பார்கள். முதலில் கிடந்த கிடையை எவ்வளவு தாழ்த்திச் சொல்கிறோமோ அவ்வளவுக்குத் தூக்கிவிட்டவரின் மகிமை உயரும். பெஞ்சமின் கிடந்த ஆறு வருஷமும் அன்பரசி எழுந்ததே இல்லை. வாராவாரம் யாருக்கோ கல் கரைந்தது, யாருக்கோ கட்டி மறைந்தது, எல்லோரும் எழுந்து எழுந்து சொன்னார்கள். இவளிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பசி அவளுக்குள் இருந்ததை அவளே அறியவில்லை. விரல் ஆடிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை எழுந்தாள்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆலந்தாங்கல் காசிநாதன்னு ஒரு பெரியவரு. நான் மொதமொதல்ல போவசொல்ல பீயில கெடந்தாரு. நாத்தம் தாங்காத பெத்த புள்ளகூட கிட்ட வர்ல. அப்பேர்ப்பட்ட எடத்துல கர்த்தர் எறங்குனாரு. புண்ணு மூடிக்கிச்சி, வெரலு ஆடுது.”

கொட்டகையே அல்லேலூயா சொன்னது. ஷிப்டுக்குப் போயிருக்கிற சபையார் பார்க்கட்டும் என்று ஜோயல் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலை போடுவது வழக்கம். எந்த வாரமும் அறுபது பேருக்கு மேல் பார்த்ததில்லை. சபைப் பையன் ஒருவன் இந்தத் துண்டை மட்டும் வெட்டி, ‘நாறிக் கிடந்தவரைத் தொட்ட கர்த்தர்’ என்று தலைப்புக் கொடுத்துச் சபையின் பக்கத்திலேயே போட, அது பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை அது வேன் டிரைவர்களின் குரூப்புக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்கு மூன்றேகால் மணிக்கு அன்பரசி போனபோது குமார் வாசலில் நின்றுகொண்டிருந்தான். வண்டிக்குப் போகவில்லை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவளுடைய குரல் அதில் கேட்டது.

“இது நீதான?”

“நான்தான் தம்பி. கர்த்தரோட மகிமைக்காவ...”

“நான் கிட்ட வர்லன்னு சொன்ன பாரு, அது நெசம். அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கணும் நீ. எங்க நைனா அம்மணத்த ஊருக்கே போட்டுக் காட்டிட்டியே. இனிமே இந்தப் படி மிதிக்காத.”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அம்சா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வயல் வரப்பில் நடந்து போகும்போதுதான் அன்பரசிக்கு அது உறைத்தது. பெஞ்சமின் கிடந்த மூன்றாம் வருஷம், பட்டணத்திலிருந்து ஒரு கூட்டம் அரிசி மூட்டையோடு வந்தது. ஜெபம் பண்ணிவிட்டு, பத்திரிகையில் போட வேண்டும் என்று போர்வையை விலக்கிப் புண்ணைப் போட்டோ எடுத்தார்கள். பெஞ்சமின் கண்ணை மூடிக்கொண்டான். அவனால் மூட முடிந்தது அதை மட்டும்தான். அன்பரசி துடைப்பத்தை எடுத்து அத்தனை பேரையும் தெருவரைக்கும் விரட்டினாள், அரிசியையும் பின்னாலேயே எறிந்தாள். அவர்கள் செய்ததைத்தான் இவளும் செய்திருக்கிறாள். வரப்பிலேயே உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பி, ஊர்த் தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஏஜென்சியில் சொல்லி வரவழைத்த ஆள் நாலே நாளில் முதுகு வலி என்று போய்விட்டான். கரண்ட் போனால் காற்றுப் படுக்கையும் தொங்கிப்போகும். அம்சா ஒற்றை ஆளாக எவ்வளவு முடியும்? எட்டாம் நாள் காலை, கம்பெனி பஸ்ஸில் அன்பரசியின் போனுக்கு ஒரு படம் வந்தது. காயத்ரி புருஷனுக்குத் தெரியாமல் அனுப்பியிருந்தாள். பழைய புண்ணின் மேல் தோல் கிழிந்து, ஓரம் கறுத்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, எலும்பைத் தொட்டுவிட்டால் ஆஸ்பத்திரிதான், இவர் உடம்பு அதைத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்பரசி பதிலுக்கு எப்படிக் கழுவுவது, எப்படிச் சாய்ப்பது என்று குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தாள். போனில் சொல்லி ஓர் ஆளைத் திருப்ப முடியுமா?

பத்தாம் நாள் ஜோயலைத் தேடிப் போனாள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை அழியுங்கள் என்றாள். அதை ஒன்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், அதைப் பார்த்து இரண்டு குடும்பம் புதிதாகச் சபைக்கு வந்திருக்கிறது என்று ஜோயல் இழுத்தார். இழுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே அழித்தார்.

“கேமராவ வெச்சவன் நானு. தப்பு உன்னிது மட்டும் இல்லக்கா. நானும் கூட வரட்டுமா?”

வேண்டாம், ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வாராந்திர லீவு. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள். தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைக் கூரையின் கீழே ஏழெட்டு டிரைவர்கள் நின்றார்கள், நடுவில் குமார். அவளைப் பார்த்ததும் அவன் தனியாகப் பேசுவதற்கு ஒதுங்கி வந்தான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“உன்னாண்ட மட்டும் சொன்னா பத்தாது தம்பி. இவங்கெல்லாம் பாத்தாங்க இல்ல, இவங்களும் கேக்கட்டும். அந்த வீடியோவுல பேசுனது நான்தான். அந்தப் பெரியவரு மானம் என்னிது இல்ல, அத எடுத்து நான் பேசிட்டேன். தப்பு என்னிது. மன்னிக்கறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அதுக்கு நாள் எடுத்துக்கோ. அந்த முதுவுக்கு நாள் இல்ல.”

குமார் ஆள் வந்துவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூட இருந்த ஒரு கிழட்டு டிரைவர் மட்டும் அவளுக்கு ஒரு டீ சொன்னார். சாயங்காலம் போன் வந்தது.

“நாளைக்கி வா. ஜெபம் கூடாது. நைனாவாண்ட வாயே தொறக்கக் கூடாது. உங்க சர்ச்சுல எங்க வூட்டுப் பேச்சே வரக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“நாங்க சத்தியம் பண்ண மாட்டோம் தம்பி, பைபிள்ல கூடாதுன்னு இருக்குது. சரின்னா சரி.”

சபையில் இதற்குக் கலகம். கீரை விற்கும் காசியம்மாள், சபையில் மூத்தவள், நேராகவே கேட்டுவிட்டாள். ஜெபம் பண்ணாமல் போவது ஊழியமா, ஆயா வேலைதானே என்றாள். ஆயா வேலை என்றே வைத்துக்கொள் அக்கா என்று சொல்லிவிட்டு அன்பரசி கிளம்பினாள்.

புண் படத்தில் பார்த்ததைவிட மோசம். கறுத்த சதையைத் தினம் கொஞ்சமாகக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அவளை மலைக்க வைத்தது புண் இல்லை, திருப்புவது. அம்சா தோளைப் பிடிக்க, இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேட்டியைப் பிடித்து இழுத்தாள். காசிநாதன் உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். ‘ஆங் ஆங்’ என்று கத்தினார். கண்ணில் பயம். இரண்டாம் நாளும் அதேதான். விறைத்த உடம்பை இழுத்தால் புண் மறுபடி கிழியும். ஐந்து மாதம் இப்படி ஒரு நாள் கூட ஆனதில்லை.

ஏன் என்று அவளுக்கு விளங்கியது. கண் சரியாகத் தெரியாத அந்த மனுஷர், தோளு, முதுவு, இடுப்பு என்று அவள் முணுமுணுப்பதைக் கேட்டுத்தான் அந்தந்த இடத்தைத் தளர்த்திக் கொடுத்திருக்கிறார். இப்போது சொல்லாமல் கொள்ளாமல் நாலு கை வந்து உருட்டினால் யாருக்குத்தான் பயம் வராது? அவள் ஒன்றும் பேச முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

வாசற்படியில் நின்று குமார் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசுகிறாளா என்று காவல் பார்க்க நின்றவன்தான். மூன்றாம் நாள் அம்சாவிடம், அவள் முன்னே என்னதான் சொல்லுவாள் என்று கேட்டான். அம்சா சொன்னாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டினான். அம்மாவை நகர்த்திவிட்டு அவளிடத்தில் நின்று, அப்பாவின் தோளில் கை வைத்தான்.

“நைனா, தோளு,” என்றான். “நைனா, முதுவு. நைனா, இடுப்பு.”

காசிநாதனின் கை கம்பியை விட்டது. உடம்பு தளர்ந்து அவன் நெஞ்சில் சாய்ந்தது. அன்பரசி வேட்டியை இழுத்தாள். ஆள் பூப்போலப் புரண்டார்.

அதற்கப்புறம் தினம் மூன்றேகால் மணிக்கு வேன் வாசலில் நிற்கும். ட்ரிப்பை மாற்றிக்கொண்டான். காலையில் அவனே அம்மாவோடு சேர்ந்து திருப்பினான். முதல் வாரம் மூக்கில் துண்டு கட்டியிருந்தான், அப்புறம் அதுவும் இல்லை. ‘ஏம்மா’ என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் மார்கழிவாக்கில் ‘அக்கா’ என்றான். ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

“உள்ளுக்குள்ள ஜெபம் பண்ணிகினு கீற, இல்ல?”

“ஆமா தம்பி. அத என்னால நிறுத்த முடியல.”

“நான் உன் ஒதட்டத்தான் பாத்துகினு கீறேன்,” என்று அவன் சொன்னான். முதல் தடவையாகச் சிரித்தான்.

தை முடிவதற்குள் புண் மூடியது. அந்த ஞாயிறு ஜோயல் சாட்சி நேரத்தில் அவள் பக்கம் திரும்பாமலே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் சாட்சி நேரத்தில் அவர் போனை அணைத்து வைக்கிறார், அடுத்தவர் வீட்டுப் பேரைச் சொல்லக் கூடாது என்றும் ஏற்படுத்திவிட்டார். கூட்டம் இரண்டு குடும்பம் குறைந்தது. ஆனாலும் எனக்கு அந்த மனுஷர் மேல் இருந்த மரியாதை கூடிவிட்டது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சபைக்குக் கிளம்பி நின்றவளைக் குமார் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனான். அவனோடு வண்டி ஓட்டும் ரமேஷுக்குச் சதுரங்கப்பட்டினம், கோட்டைச் சுவருக்குப் பின்னால் கடலைப் பார்த்த வீடு. அவன் தாய் ஆராயி மீன் கூடையோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கை. புண் வந்திருக்கிறது என்று வாடையிலேயே தெரிகிறது. ஆனால் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, பெற்ற மகனைக்கூடப் பார்க்க விடமாட்டேன் என்கிறாள். இவ்வளவையும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த வாடையை அன்பரசி மணலில் கால் வைத்ததுமே பிடித்துவிட்டாள். உள்ளே போனார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஆராயியின் குரல், யாரும் வராதீர்கள், என்னை இப்படியே சாக விடுங்கள் என்றது. ரமேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்பரசி திரைக்கு வெளியிலேயே நின்றாள். அடுத்தவர் திரையை விலக்கும் உரிமை தனக்கு இல்லை என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

குமார் திரையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

“ஆயா, நான் ஆலந்தாங்கல் காசிநாதன் மவன். எங்க நைனா பீயில கெடந்தாரு. நான் வாசப்படியிலயே நின்னுகினேன், கிட்ட போவல. பெத்த புள்ள நானு. இந்த அக்காதான் போச்சி. அத ஊருக்கே சொல்லிட்ச்சின்னு நானு அடிச்சித் தொரத்தாத கொறையா தொரத்தினேன். இப்ப நானே சொல்றேன், கேட்டுக்கோ. கெடக்கறவங்களுக்கு இன்னா வெக்கம்? வெக்கமெல்லாம் நின்னு பாத்துகினு இருந்த எனக்குத்தான்.”

ரமேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளிருந்து குரல் வந்தது.

“வெந்நி காய வையிடா.”

அன்பரசி கையைக் கழுவிக்கொண்டு திரைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ரமேஷையும் கூப்பிட்டாள். தோள் பக்கம் நிற்கச் சொன்னாள். பேசிக்கொண்டேதான் பிடிக்க வேண்டும், சும்மா பிடித்தால் பயந்துவிடுவார்கள் என்றாள்.

“உங்கம்மாவ இன்னான்னு கூப்டுவ?”

“யம்மோவ்னுதான்.”

“அப்ப அத்தச் சொல்லிகினே தோளப் புடி,” என்றாள் அன்பரசி.